பேஸ்மென்ற் கதவை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோ, ஸ்காபரோ பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் வெளியிலிருந்து பேஸ்மென்றுக்கு இறங்கப் படிகள் இருக்கும், அடியில் ஒரு கதவு இருக்கும். மழையும் பனியும் பட்டுப் பட்டு அந்தக் கதவின் கீழ்ப்பக்கம் ஊறி உக்கிப்போகும். கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் சரி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கதவு ஏன் உக்கியது என்று பார்க்காமல் மாற்றினால், புதியதும் அதே வழியில்தான் போகும்.

அதனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். படிகளின் அடியில் ஒரு வடிகால் இருக்க வேண்டும். அதில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். மளமளவென்று இறங்கினால் நல்லது. தேங்கி நின்றால், கதவுக்குச் செலவழிக்குமுன் அந்த அடைப்பை எடுங்கள். கூரைப் பீலிக் குழாய் படிக்கட்டுப் பக்கம் ஊற்றுகிறதா என்றும் நிமிர்ந்து பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான்.

கதவுக்குக் கீழே இருக்கும் கொங்கிறீற்றுத் தடுப்பை வெட்டித் தாழ்த்துவது இதோடு சேர்ந்த இன்னொரு தவறு. சோபாவோ ஃபிரிட்ஜோ உள்ளே போக இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டுமென்று வெட்டிவிடுகிறார்கள். வடிகால் அடைபடும் நாளில் வெள்ளத்தை வெளியே நிறுத்துவது அந்தச் சில அங்குலம்தான். தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள்.

அடுத்தது, கதவுப் பலகையை மட்டும் மாற்றுவது. ஒரு ஸ்குறூட்றைவரால் நிலையின் அடியைக் குத்திப் பாருங்கள். புட்டுமா போல உதிர்ந்தால் நிலையும் போய்விட்டது. அப்படியென்றால் நிலையோடு சேர்ந்தே வரும் ப்ரீஹங் கதவுதான் வேண்டும். அதற்கு அளவெடுக்கும்போது பழைய கதவை அளக்காதீர்கள். நிலையைச் சுற்றி அடித்திருக்கும் உள்பக்கச் சட்டத்தைக் கழற்றி, கதவும் நிலையும் நிற்கும் சுவர்த் திறப்பையே மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுங்கள். கதவு 32 அங்குல அகலமென்றால் திறப்பு ஏறக்குறைய 34 அங்குலம் வேண்டும். கடையில் இருக்கும் கதவுகளின் வழக்கமான உயரம் 80 அங்குலம். பேஸ்மென்ற் திறப்பு அதைவிடக் குட்டையாக இருப்பது சாதாரணம். அப்போது அளவு கொடுத்துச் செய்விப்பதே நல்லது, வெட்டிப் பொருத்தப் பார்க்காதீர்கள்.

திறப்பைப் பெரிதாக்குவது வேறு விஷயம். திறப்புக்கு மேலே குறுக்காக இருக்கும் லின்ரல் என்ற உத்தரம்தான் சுவரின் பாரத்தைத் தாங்குகிறது. ரொறன்ரோவில் அதே அளவுக் கதவை மாற்றப் பொதுவாக நகரசபையின் பெர்மிற் (அனுமதி) தேவையில்லை. சுவரை வெட்டுவதென்றால் பெர்மிற்றும் வரைபடமும் வேண்டும்.

பொருத்தும்போது நடக்கும் தவறுகள் சுவருக்குள் மறைந்துவிடும், அதனால் நின்று கவனியுங்கள். சாதாரண மரத்தைக் கொங்கிறீற்றில் நேராக வைக்கக் கூடாது, ஈரத்தை உறிஞ்சிவிடும். பதப்படுத்திய மரம் போடச் சொல்லுங்கள். நிலைக்கு அடியில் ஒட்டும் நீர்த்தடுப்புத் தாள், வெளிப்பக்கம் சற்றுச் சரிந்தபடி, இருபக்கமும் சில அங்குலம் மேலேறி இருக்க வேண்டும். இடைவெளியை நிரப்ப ஜன்னல், கதவுக்கென்றே விற்கும், குறைவாக விரியும் ஃபோம்தான் சரி. சாதாரண ஃபோமை நிறைய அடித்தால் அது நிலையை உள்ளே தள்ளும். மாலையில் சீராக மூடிய கதவு மறுநாள் பூட்டுப் பக்கத்தில் உரசும்.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் வாங்குமுன் யோசியுங்கள். வெளியே திறக்கும் கதவுக்கு முன்னால் பனி குவிந்தால் உள்ளே இருப்பவர் தள்ளித் திறக்க முடியாது. அப்புறம் பூட்டு. உள்ளேயிருந்தும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டிய பூட்டைப் போடவே போடாதீர்கள். கீழே வாடகைக்கு ஆட்கள் இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். நெருப்புப் பிடித்தால், புகைக்குள் சாவியைத் தேட அவர்களுக்கு நேரம் இருக்காது.