காய்ச்சல் விடும் நாளில்தான் கூடுதல் கவனம்: பிள்ளைகளின் டெங்கு பற்றிப் பெற்றோருக்கு

தென்மேல் பருவமழையை ஒட்டிய மாதங்களிலும் ஆண்டின் இறுதியிலும் கொழும்பில் டெங்கு அதிகரிக்கும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 180,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். ஆகவே, இக்காலங்களில் பிள்ளைக்குத் தடிமனோ இருமலோ இல்லாமல் கடும் காய்ச்சல் வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை டெங்கு என்றே எண்ணி நடந்துகொள்வது நல்லது.

முதல் இரண்டு நாட்களிலும் வீட்டில் செய்ய வேண்டியவை எளிமையானவை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே கொடுக்க வேண்டும். அளவை வயதைக் கொண்டு அல்லாமல் நிறையைக் கொண்டு கணிக்க வேண்டும்: ஒரு கிலோவுக்கு ஒரு தடவையில் 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேற்படாமல். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் கொண்ட பாணி மருந்தாயின், 12 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 7.5 மில்லிலீற்றருக்கு மேல் கொடுக்கக்கூடாது. காய்ச்சல் உடனே இறங்கவில்லை என்பதற்காக இபுபுரூபன், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியவற்றையோ, மலவாசலில் வைக்கும் டைக்குளோபெனக் குளிசையையோ பாமசியில் கேட்டு வாங்காதீர்கள். இவை டெங்கு நோயாளிக்குக் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும். வெறும் தண்ணீரோடு நின்றுவிடாமல் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றக் கரைசல்), கஞ்சி, இளநீர், பழச்சாறு ஆகியவற்றையும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சிவப்பு அல்லது கபில நிறப் பானங்களைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் பிள்ளை வாந்தி எடுத்தால் அது குருதியா பானமா என்று வைத்தியரால் பிரித்தறிய முடியாமல் போகும்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் முழுக்குருதிப் பரிசோதனை செய்து, அதை வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் செய்ய வேண்டும். குழந்தை ஒரு வயதுக்குக் குறைந்ததாயின் மூன்றாம் நாள்வரை காத்திராமல் முன்னரே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெற்றோர் பலர் தவறுவது இதற்குப் பின்னரே. காய்ச்சல் இறங்கியதும் நோய் தீர்ந்தது என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் டெங்குவின் கடுமையான வடிவமான டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசிவது பெரும்பாலும் காய்ச்சல் குறையும் அந்த வேளையிலேயே தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலங்கள்வரை நீடிக்கிறது. உயிராபத்துக்கு முதன்மையான காரணம் இக்கசிவினால் குருதியோட்டம் தளர்ந்து போவதுதான். குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கலங்குவதும், அதை உயர்த்துவதாகச் சொல்லிப் பப்பாசி இலைச்சாற்றை நம்பி வீட்டில் காத்திருப்பதும் அரிய நேரத்தை வீணாக்கிவிடும். ஆயினும் அந்த எண்ணிக்கை 100,000 இற்குக் கீழே இறங்குமாயின் பிள்ளையை வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டும்.

காய்ச்சல் இருந்தாலும் விட்டிருந்தாலும், தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, கைகால்கள் குளிர்தல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல் அல்லது அமைதியிழந்து அழுதல், மூக்கிலோ முரசிலோ குருதி கசிதல், மலம் கறுப்பாகப் போதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ உடனே கொண்டு செல்லுங்கள். வாகனம் இல்லாவிடில் 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும், கொடுத்த மருந்துகளையும், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது வைத்தியருக்குப் பேருதவியாகும்.

விடுதியில் அனுமதித்த பின்னர், பிள்ளைக்குச் சேலைன் போதாது என்று வாதாடுவதையும், தாதியருக்குத் தெரியாமல் பானங்களைப் புகட்டுவதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். கசிவுக் காலத்தில் நாளத்தின் வழியாக ஏற்றுவதும் வாயால் குடிப்பதும் சேர்த்தே மணிக்கு மணி அளக்கப்படுகின்றன. அளவு மிஞ்சினால் நுரையீரலைச் சூழ நீர் சேர்ந்து மூச்சுத்திணறல் ஏற்படலாம். பசி திரும்புவதும், சிறுநீர் தாராளமாகப் போவதும், சில பிள்ளைகளுக்குத் தோலில் அரிப்புடன் சிவப்புத் தடிப்புகள் தோன்றுவதும் தேறிவருவதன் அறிகுறிகளாகும்.