மொட்டமாடில இருந்தே பூச்சி, பறவ, செடி போட்டோ எடுக்குறது எப்படி

வைல்ட்லைஃப் போட்டோன்னதும் எல்லாரும் மொதல்ல கேக்குறது கேமரா என்ன வெல, அடுத்தது வேடந்தாங்கல் எப்ப போலாம். ரெண்டும் இப்ப வேணாம். வடசென்னைல வியாசர்பாடியோ தண்டையார்பேட்டையோ கொருக்குப்பேட்டையோ, மாடில நாலு தொட்டி, தெருக்கோடில குட்டிச்செவுத்தோரமா ஒரு எருக்கஞ்செடி, கைல இருக்குற போன், இவ்ளோ போதும். ஒண்ணு மட்டும் மண்டைல ஏத்திக்கங்க, பூச்சியத் தொரத்தாதீங்க, செடியப் புடிங்க. பட்டாம்பூச்சி பின்னாடி ஓடுனா கலங்கலா ஒரு மஞ்சக்கோடுதான் மாட்டும், அது எந்த செடில முட்ட வெக்கும்னு தெரிஞ்சிக்கினு அங்க போய் குந்துனா அதுவா வரும்.

கறிவேப்பில தொட்டில ஆரம்பிங்க. எலுமிச்சை அழகின்னு ஒரு பட்டாம்பூச்சி, கருப்புல மஞ்சத் திட்டு, பின்ரெக்கைல செவப்பு பொட்டு இருக்கும், கறிவேப்பில எலுமிச்ச ரெண்டுலயும் முட்ட வெக்கும். கொழுந்து எலைல ஒண்ணொண்ணா, வெளிர் மஞ்சள்ல, குண்டூசித் தல அளவுக்கு உருண்டையா. அதுல இருந்து வர்ற சின்னப் புழு அசல் குருவி எச்சமேதான், கருப்பு பழுப்பு நடுவுல வெள்ளத் திட்டு, பறவ கிட்ட இருந்து தப்பிக்க போட்ட வேஷம், ஆனா நம்ம வீட்ல அத எச்சம்னே நெனச்சி தண்ணி ஊத்தி கழுவிட்றாங்க. தோல் உரிச்சு உரிச்சு கடைசி ரவுண்டுல பளிச்சுனு பச்சையாயிடும். அப்ப ஒரு ஈர்க்குச்சியால லேசா தொட்டீங்கன்னா தலைக்குப் பின்னாடி இருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு நீட்டும், குப்புனு ஒரு வாடை அடிக்கும். ஒரு தடவ தொட்டு ஒரு போட்டோ, அத்தோட விட்ருங்க, சும்மா சும்மா சீண்டக்கூடாது.

முட்ட இருக்குற கெளைல ஒரு துணிய முடிஞ்சி வெச்சிடுங்க, இல்லன்னா அம்மா ரசத்துக்குக் கிள்ளி போட்டுட்டு அப்புறம் 'சொல்லியிருந்தா விட்ருப்பனே'ம்பாங்க. அந்தத் தொட்டிக்கு மருந்து அடிக்காதீங்க, வேப்பெண்ண கூட வேணாம். புழு கடைசில இடுப்புல ஒரு நூல் கட்டிக்கினு கெளைல சாஞ்சாப்ல கூடாயிடும், சுத்தி இருக்குற எடத்தப் பொறுத்து கூடு பச்சையாவும் இருக்கும், பழுப்பாவும் இருக்கும். கூடு கருத்து உள்ள ரெக்க டிசைன் தெரிய ஆரம்பிச்சா அலாரம் வெச்சிக்கங்க, பெரும்பாலும் காலைலதான் வெளிய வரும். வந்ததும் ரெக்க கசங்கிப் போய் இருக்கும், விரிஞ்சு காயுற வரைக்கும் பறக்க முடியாது, போன் வெச்சிருக்கவங்களுக்கு இதவிட நல்ல சான்ஸே கெடையாது.

எருக்கஞ்செடில இதே கத வேற கலர்ல, வெந்தய வரியன்னு ஒரு பட்டாம்பூச்சியோட புழு, கருப்பு வெள்ள மஞ்சள்னு வரிவரியா, ஒடம்பு மேல மூணு ஜோடி கருப்பு கொம்பு. எருக்கோட வெஷத்த ஒடம்புல சேத்து வெச்சிக்கிறதால ஒளியவே ஒளியாது, எல மேலயே தெனாவட்டா கெடக்கும், எடுக்கவும் ஈஸி. எருக்கம்பால் பட்ட கையோட கண்ணத் தேய்க்காதீங்க, அது மட்டும் ஜாக்கிரத. நந்தியாவட்ட இருந்தா எல அடில பெரிய பச்சப் புழு, தலப் பக்கம் ரெண்டு நீலக் கண்ணு வரைஞ்சாப்ல, அது ஒரு அந்துப்பூச்சியோட புள்ள.

நேரம்னா காலைல ஆறரைல இருந்து எட்டரைக்குள்ள. வெளிச்சமும் சாஞ்சி வரும், காத்தும் இருக்காது. மத்தியானம் கடக்காத்து ஏற ஆரம்பிச்சா எல ஆடிக்கினே இருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது, துணி கிளிப்பால கெளைய ஒரு குச்சியோட சேத்துப் புடிச்சி வெக்கலாம், அதுவும் புழு இல்லாத எடமா பாத்து. காசிமேடு திருவொத்தியூர் பக்கம் உப்புக்காத்துல லென்ஸ் மங்கிப் போவும், மொதல்ல ஊதிட்டு அப்புறம் மெத்து துணியால தொடைங்க, சட்ட முனைல தேய்க்காதீங்க.

புழுவோட கண் மட்டத்துக்கு போன எறக்குங்க, மேல நின்னு எடுத்தா எல்லாமே சப்பையாத்தான் தெரியும். ஸ்க்ரீன்ல அழுத்திப் புடிச்சா ஃபோகஸ் லாக் ஆவும், அப்புறம் விரல கீழ இழுத்து வெளிச்சத்தக் கொறைங்க. ஜூம் பண்ணாம எடுத்துட்டு பின்னாடி கிராப் பண்ணிக்கலாம். போன் கேமரா மேல மாட்டுற கிளிப் மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னத பெருசா காட்டுறது, வாங்குனா அது கிட்டக்க ரெண்டு மூணு சென்டிமீட்டர்லதான் வேல செய்யும், அதனால மூச்ச அடக்கிக்கினு போனயே முன்ன பின்ன நவுத்தி பர்ஸ்ட் மோடுல, அதாவது வரிசையா படபடன்னு நெறைய போட்டோ எடுக்குற மோடுல, தட்டிக்கினே இருங்க, ஒண்ணாவது தேறும். நெழல் ரொம்ப கருப்பா இருந்தா எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டு.

செடின்னா பூவ மட்டும் எடுத்துட்டு வந்து பேர் கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. எல மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு, முழுச்செடி, நாலும் வேணும். கீழாநெல்லிய மேல இருந்து எடுத்தா வெறும் பச்ச, திருப்பிப் பாத்தாதான் அடில வரிசையா காய் தெரியும்.

பறவைக்கு போன் பத்தாது, உண்மைய சொல்லிட்றேன். ஆனா பருந்து தலைக்கு மேல சுத்தும்போது வால் ஷேப் கெடச்சா போதும், வால் நடுவுல வெட்டுன மாதிரி பிளந்திருந்தா கரும்பருந்து, வட்டமா இருந்தா செம்பருந்து. தேன்சிட்டு துணிக்கொடில கூடு கட்டிச்சுன்னா கிட்ட போய் நிக்காதீங்க, நீங்க அடிக்கடி போறத காக்கா பாத்துக்கினே இருக்கும், அப்புறம் முட்ட இருக்காது. பொங்கல் சமயத்துல தமிழ்நாடு பூரா பறவ கணக்கெடுப்பு நடக்குது, 2015ல இருந்து, கொறஞ்சது 15 நிமிஷம் மாடில நின்னு பாத்தத ஈபேர்ட்னு பறவ கணக்கு பதியிற ஆப்ல ஏத்துனா போதும், போட்டோவே தேவையில்ல.

பக்கத்து வீட்டுல முன்னாடியே ஒரு வார்த்த சொல்லி வெச்சிடுங்க, 'இன்னாபா எங்க ஜன்னலப் புடிக்கிற'ன்னு கேட்டா 'புழுக்கா, இத பாருக்கா'ன்னு போன நீட்டுங்க, நாளைக்கு அவங்களே கூப்ட்டு காட்டுவாங்க. பேர் தெரியாதத ஐநேச்சுரலிஸ்ட்னு ஒரு ஆப்ல ஏத்துங்க, தெரிஞ்சவங்க பாத்து சொல்வாங்க. ஆனா நீங்க எடுக்குறது எல்லாமே உங்க வீட்டு மாடி, லொகேஷன் ஊருக்கே தெரியும், அதனால ஏத்தும்போது எடத்த மறைக்கிற செட்டிங்க ஆன் பண்ணிட்டு ஏத்துங்க.