ஆணா பெண்ணா? குட்டி ஆமை வளர்க்கப் போகிறவர்களுக்கு

குட்டி நில ஆமை வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் "ஆண் ஒன்று, பெண் ஒன்று" என்று ஜோடியாகக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்காதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியை வெறும் கண்ணால் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாது. பெரும்பாலான நில ஆமைகளில் முட்டை அடைகாக்கப்பட்ட சூடுதான் அதைத் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண், அதனால் அந்த வெப்பநிலையை அளந்து குறித்து வைத்தவர் சொன்னால் ஓரளவு நம்பலாம், மற்றவர்கள் சொல்வது ஊகம். நில ஆமைகள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் கீழ் வருவதால் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

குட்டியாக இருக்கும்வரை இரண்டுக்கும் ஒரே கவனிப்புதான். வெயில் காயும் மூலையில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், எதிர் மூலை 25 டிகிரியை ஒட்டி இருந்தால் குட்டியே இடம் மாறிக்கொள்ளும். யுவிபி (UVB) என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் ஓரம் வைத்தால் போதுமே என்று நினைக்காதீர்கள், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

அதிகம் பேர் தவறுவது ஈரப்பதத்தில்தான். வறண்ட நிலத்து ஆமை என்று குட்டியையும் காயவைத்தால் ஓடு கூம்பு கூம்பாக மேடுதட்டும், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது. ஒளிந்துகொள்ளும் இடத்தில் ஈரமான மண் போடுங்கள், தினமும் 15, 20 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் தாடை மட்டத்துக்கு மேல் போகாமல் உட்கார வையுங்கள். சாப்பாடு புல்லும் களைச்செடி இலையும் செம்பருத்தி இலை, பூவும், மேலே கொஞ்சம் கால்சியம் பொடி. நாய் உணவு, ரொட்டி வேண்டவே வேண்டாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான ஆமையிடமும் இருக்கும்.

சரி, எப்போதுதான் தெரியும்? வயதைவிட உடல் அளவுதான் கணக்கு, இனத்துக்கு இனம் சில வருடங்கள் பிடிக்கும். ஆணுக்கு வால் நீளமாகத் தடித்து வரும், பல இனங்களில் அடிவயிற்று ஓடு உள்வாங்கிக் குழிந்திருக்கும். பெண்ணுக்கு வால் குட்டை, அடி ஓடு தட்டை.

அப்புறம்தான் ஜோடி ஆசையின் விலை தெரியும். ஆண் பெண்ணை விடாமல் துரத்தும், ஓட்டால் முட்டும், காலைக் கடிக்கும், ஒரே தொட்டியில் அந்தப் பெண்ணுக்கு ஓட இடமிருக்காது, சாப்பிடுவதையே நிறுத்திவிடும். இரண்டு ஆணென்றால் ஒன்றை ஒன்று கவிழ்த்துப் போடும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், பல நேரம் வலுவானது மற்றதை அமுக்குகிறது. வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள், ஒன்று ஏறி மற்றது நின்றுவிட்டால் அன்றைக்கே தனித்தனித் தொட்டி. என்னைக் கேட்டால் முதலிலிருந்தே தனியாக வளர்ப்பதுதான் நல்லது, ஆமை துணை தேடி ஏங்கும் பிராணி இல்லை.

பெண் வளர்ந்தபின் ஆண் துணையே இல்லாமலும் முட்டையிடும், அதற்குத் தோண்டும் அளவுக்கு ஆழமான மண் வேண்டும். தோண்டித் தோண்டி முட்டையிடாமல், சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் உள்ளே முட்டை சிக்கியிருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு போங்கள்.