மியூனிக்கில் படிக்க வந்து வாரக்கடைசியில் ஊர் சுற்றுபவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு அக்டோபரிலும் புது பேட்ச் வந்து இறங்கும். ரூம் கிடைத்து, முகவரிப் பதிவு முடிந்து, வங்கிக் கணக்கு திறந்து, கொஞ்சம் மூச்சு விட்டதும் வாட்ஸ்அப் குழுவில் "இந்த சனிக்கிழமை எங்கே போகலாம்?" என்று ஆரம்பிப்பார்கள். போகத்தான் வேண்டும். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் இது. நூலகம், ரூம், மறுபடியும் நூலகம் என்றே இருந்தால் ஜனவரிக்குள் மனசு சுருங்கிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் ஆல்ப்ஸ் மலையடிவாரம் இருக்கும்போது அதைப் பார்க்காமல் படிப்பை முடித்துவிட்டுப் போனவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஆனால் எங்கள் பேட்ச் செய்த அதே தவறுகளை அடுத்தடுத்த பேட்ச்களும் கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்கின்றன. குடை, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். காசு போகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் எல்லா ரயிலுக்கும் செல்லும் என்று நினைப்பது

2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த இந்த மாதாந்திர டிக்கெட், 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டு. நாடு முழுக்கச் செல்லும் என்பது உண்மைதான், ஆனால் ஆர்இ, ஆர்பி எனப்படும் உள்ளூர் ரயில்கள், எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (மெட்ரோ), டிராம், பேருந்து ஆகியவற்றில் மட்டும், அதுவும் இரண்டாம் வகுப்பில் மட்டும். ஐசிஇ, ஐசி, ஈசி ஆகிய தொலைதூர ரயில்கள், ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் ரயில், பேருந்து எதிலும் பொதுவாகச் செல்லாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பில் உள்ளூர் ரயில்களை மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆப் வேகமான ரயிலைத்தான் முதலில் காட்டும், நீங்களும் அவசரத்தில் அதில் ஏறிவிடுவீர்கள்.

ரயில் பாதியில் பிரியும் என்பது தெரியாமல் உட்கார்வது

டெகர்ன்ஸே ஏரிக்குக் கிளம்பி லெங்க்ரீஸில் போய் இறங்கியவர்கள் எல்லா பேட்ச்சிலும் இருக்கிறார்கள். மியூனிக்கிலிருந்து தெற்கே போகும் அந்த ரயில் ஒரே ரயில் மாதிரி நிற்கும், ஆனால் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் ஒரு பகுதி கழன்று பைரிஷ்செல் பக்கம் போய்விடும், மிச்சம் ஷாஃப்ட்லாக்கில் பிரிந்து ஒன்று டெகர்ன்ஸேவுக்கும் மற்றொன்று லெங்க்ரீஸுக்கும் போகும். பிளாட்ஃபாரத்தில் இருக்கும் பலகையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று போட்டிருக்கும், பெட்டியிலும் எழுதியிருக்கும். கூட்டமாகப் போகும்போது இடம் கிடைத்த பெட்டியில் நாலு பேர் இங்கே, மூன்று பேர் அங்கே என்று ஏறாதீர்கள்.

திரும்பி வரும் வழியைப் பார்க்காமல் கிளம்புவது

இதைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை வருடம் சொல்லியும் இது மட்டும் நிற்கவே இல்லை.

போகும் ஏற்பாடு எப்போதும் பிரமாதமாக இருக்கும். எத்தனை மணிக்கு எழுவது, யார் புளியோதரை கட்டுவது, எந்த பிளாட்ஃபாரம், எந்த இடத்தில் போட்டோ, எல்லாம் முந்தைய இரவே முடிவாகிவிடும். திரும்புவது எப்படி என்று கேட்டால், "சாயங்காலம் ரயில் இருக்கும் அண்ணா, பார்த்துக்கலாம்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது.

போன செப்டம்பரில் நான்கு ஜூனியர்கள் கோனிக்ஸே ஏரிக்குப் போனார்கள். அழகான இடம், சந்தேகமே இல்லை. செங்குத்தான பாறைகளுக்கு நடுவில் பச்சைத் தண்ணீர். அதில் 1909லிருந்தே மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன. நடுவழியில் படகை நிறுத்தி ஊதுகொம்பு வாசிப்பார்கள், பாறை அதைத் திருப்பி வாசிக்கும். பார்த்தலோமே தேவாலயத்தைத் தாண்டி மறுமுனையில் சாலெட் என்று ஒரு படகுத்துறை. அங்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஓபர்ஸே என்ற சின்ன ஏரி. அதையும் தாண்டிப் போனால் ரோத்பாக் அருவி, சுமார் 470 மீட்டர் உயரம், ஜெர்மனியிலேயே உயரமானது.

இவர்கள் அருவிவரை போயிருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் கிளம்பி, போட்டோ எடுத்து, சாப்பிட்டு, மெதுவாகத் திரும்பியிருக்கிறார்கள். சாலெட்டிலிருந்து வெளியே வர சாலை கிடையாது, ஏரிக்கரையோரம் நடந்து வரவும் வழி கிடையாது, படகு மட்டும்தான். வெயில் நாளில் கடைசிப் படகுகளுக்கு நீண்ட வரிசை நிற்கும், அது இவர்களுக்குத் தெரியாது. எப்படியோ கடைசிப் படகில் இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பக்கம் இறங்கியபோது பெர்க்டெஸ்காடன் ஸ்டேஷனுக்குப் போகும் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தைப் பிடித்துப் போனால், தண்டவாள வேலை காரணமாகப் பாதி வழிக்கு ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து. அது, ரயில் மாற வேண்டிய ஃப்ரைலாசிங் போய்ச் சேர்ந்தபோது, மியூனிக் போகும் உள்ளூர் ரயில் கிளம்பிச் சில நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழித்து இருந்தது. அதில் வந்திருந்தால் நள்ளிரவுக்கு மேல் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒருவனுக்கு மறுநாள் காலை மறுதேர்வு. பதற்றத்தில், வந்து நின்ற தொலைதூர ரயிலில் நால்வரும் ஏறிவிட்டார்கள். "ரயில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஐசிஇ-யிலும் ஏறலாம்" என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னதை நம்பியிருக்கிறார்கள். சில டிக்கெட்டுகளுக்கு அப்படி ஒரு உரிமை இருப்பது உண்மை, டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு அது கிடையாது. செக்கர் வந்தார், அபராதச் சீட்டு எழுதினார். டிக்கெட் இல்லாமல் பயணித்தால் ஆளுக்குக் குறைந்தது 60 யூரோ, நாலு பேருக்கு 240 யூரோவுக்குக் குறையாமல் போயிற்று. அந்தப் பையன் தேர்வை அரைத்தூக்கத்தில் எழுதினான்.

விசாவுக்காக ஒரு வருடச் செலவுக்கென்று பிளாக்ட் அக்கவுண்டில் போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். வாடகை, இன்ஷூரன்ஸ் போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அதில் 60 யூரோ என்பது இரண்டு வார மளிகைச் செலவு. வீட்டில் கடன் வாங்கி அனுப்பிய காசு இப்படிப் போவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. காலையில் ஐந்து நிமிடம் ஆப்பைப் பார்த்திருந்தால் தண்டவாள வேலை பற்றிய அறிவிப்பு அதிலேயே இருந்திருக்கும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். வீட்டுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதில் தொடங்கி, அதற்கு எந்த ரயில், அந்த ரயிலுக்கு எந்தப் பேருந்து, அந்தப் பேருந்துக்கு எந்தப் படகு என்று வாருங்கள். கடைசி ரயிலைக் குறித்துக்கொள்ளாதீர்கள், அதற்கு முந்தையதையும் விட்டுவிட்டு அதற்கும் முந்தையதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் கையிருப்பு. கேபிள் கார், படகு இருக்கும் இடமென்றால் கடைசி நேரத்தை இறங்கியவுடனே பலகையில் பாருங்கள், அது பருவத்துக்குப் பருவம் மாறும். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் நெட்வொர்க்கை நம்ப முடியாது. அப்புறம், திங்கள் காலை தேர்வோ பிரசன்டேஷனோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கமே போகாதீர்கள், சனிக்கிழமை போய்விட்டு வாருங்கள்.

நண்பனின் டிக்கெட்டைக் காட்டுவது

கூடவே கூடாது. டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டை கேட்பார்கள், விஷயம் அபராதத்தோடு நிற்காமல் போலீஸ் வழக்குவரை போகலாம்.

சால்ஸ்பர்க் பக்கத்தில்தானே என்று கார்டு இல்லாமல் போவது

டாய்ச்லாண்ட் டிக்கெட் சால்ஸ்பர்க் ஸ்டேஷன்வரை செல்லும். அதனாலேயே அது ஆஸ்திரியா, வேறு நாடு என்பது பலருக்கு உறைப்பதில்லை. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. திரும்பி வரும் வழியில் ரயிலில் போலீஸ் ஏறுவார்கள். பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கும் போட்டோ போதாது. விசா முடிந்து கார்டு இன்னும் வராத இடைப்பட்ட நாட்களில் இருப்பவர்கள், வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் எல்லை தாண்ட வேண்டாம்.

போடன்ஸே ஏரிக்கரையில் போனை அப்படியே விடுவது

லிண்டாவில் நின்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்விட்சர்லாந்தும் இருக்கிறது, கான்ஸ்டன்ஸ் ஸ்விஸ் எல்லையை ஒட்டியே இருக்கிறது. நீங்கள் ஜெர்மனியிலேயே நின்றாலும் போன் ஸ்விஸ் நெட்வொர்க்கைப் பிடித்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங்கில் ஸ்விட்சர்லாந்து சேராது. சில பிளான்களில் மட்டும்தான் சேர்த்துக் கொடுப்பார்கள். ஏரி கண்ணில் பட்டதும் டேட்டா ரோமிங்கை நிறுத்திவிடுங்கள்.

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு முன்பதிவு இல்லாமல் போவது

ஃப்யூசன் போகவே இரண்டு மணி நேரம், அங்கிருந்து பேருந்து, அப்புறம் ஏற்றம். அவ்வளவு தூரம் போய் "இன்றைய டிக்கெட் தீர்ந்துவிட்டது" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். 2025ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உள்ளே போக வேண்டுமென்றால் ஆன்லைனில் முன்பே வாங்குங்கள். மரியன் பாலத்திலிருந்து கோட்டையைப் பார்க்கக் காசு வேண்டாம், என்னைக் கேட்டால் அதுவே போதும்.

ஞாயிறு கடை திறந்திருக்கும் என்று இருப்பது

திறக்காது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் வாங்கிவிடுங்கள்.

மே மாதம் வெயில் என்று ஸ்னீக்கர்ஸில் மலை ஏறுவது

கொடைக்கானலில் வண்டி போகிற இடம்வரை போய்ப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே கீழே பூ பூத்திருக்கும்போதே மேலே வடக்குச் சரிவில் பனி இறுகிக் கிடக்கும், அதில் வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. மலைப்பாதைப் பலகைகளில் நீல வட்டம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் வருடம் நீலத்தோடு நில்லுங்கள். கார்மிஷில் பார்ட்னாக் பள்ளத்தாக்கு மாதிரி நல்ல பாதை போட்ட இடங்களே நிறைய இருக்கின்றன. வழி தவறிவிட்டால், இருட்டுவதற்கு முன்பே 112க்கு அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசினாலும் உதவி வரும்.