தானாகக் காற்று ஏறிய பி.சி.டி.: உப்பு ஒளிந்திருந்த இடம்

ஃபுஜைராவில் ஸ்னூப்பி தீவுப் பக்கம் கரையிலிருந்தே இறங்கி டைவ் அடித்துவிட்டு, துபாய் வீட்டுக்கு வந்துதான் சாமான்களைக் கழுவுவேன். போன மாதம் தண்ணீருக்கடியில் என் பி.சி.டி. ஜாக்கெட்டில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தும் டைவிங் ஜாக்கெட்) தானாகக் காற்று ஏறியது. ஆபத்தான விஷயம். சிலிண்டரிலிருந்து ஜாக்கெட்டுக்குக் காற்று கொண்டுவரும் ஹோஸை உடனே கழற்றி, காற்றை வெளியேற்றிக்கொண்டே மெதுவாக மேலே வந்தேன்.

ஹோஸ் மாற்றினேன், பயனில்லை. இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறப்போட்டேன், அதற்கும் அசையவில்லை. வீட்டில் அழுத்திப் பார்த்தால், ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் இன்ஃபிளேட்டரின் பட்டன் நன்றாகவே இருந்தது. சிலிண்டரை இணைத்துத் திறந்தால் மட்டும்தான் மெல்லிய சீறல் கேட்டது.

அப்புறம் பட்டனை அழுத்திப் பிடித்து டார்ச் அடித்தேன். பட்டனின் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம்! வெயிலில் கொதிக்கும் டிக்கியில் வீடு வருவதற்குள் உப்பு காய்ந்து கல்லாகியிருக்கிறது.

வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சம அளவில் கலந்து, இன்ஃபிளேட்டரை மட்டும் 20 நிமிடம் ஊறவைத்து, இடையிடையே பட்டனை அழுத்திக் கொடுத்தேன். பிறகு நல்ல தண்ணீரில் அலசினேன். சீறல் நின்றது. முழங்கால் ஆழத்தில் மூன்று முறை சோதித்த பிறகே ஆழத்துக்குப் போனேன்.

இப்போது 20 லிட்டர் கேன் காரிலேயே இருக்கிறது. ஈரம் காயும் முன் கரையிலேயே கழுவிவிடுகிறேன். ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) கழுவும்போது சிலிண்டரில் இணையும் முனையின் தூசி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வாய்ப்பகுதியில் இருக்கும் பர்ஜ் பட்டனைத் தொடக்கூடாது. தொட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும்.