வால்வு மாற்றியவர்களுக்கு: பல், காய்ச்சல், அலகு

இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், அங்கே ஏற்கெனவே கிருமித் தொற்று வந்து குணமானவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களில் சிலர் ஆகியோருக்கான குறிப்பு இது. ரத்தத்தில் கலக்கும் கிருமி பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாமல் அழிந்துவிடும். இவர்களுக்கோ வால்வில் ஒட்டிக்கொண்டு வளரக்கூடும்.

முதலில், கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இதய மருத்துவமனையான ஐ.ஜே.என். ஆகட்டும் வேறு மருத்துவமனை ஆகட்டும், உங்கள் இதய மருத்துவரிடம் "நான் அதிக ஆபத்துப் பிரிவா?" என்று நேராகக் கேளுங்கள். ஸ்டெண்ட் வைத்ததாலோ பைபாஸ் செய்ததாலோ மட்டும் ஒருவர் இதில் சேரமாட்டார். ஆம் என்றால் எழுதி வாங்கி ஐ.சி.யோடு (அடையாள அட்டையோடு) வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பல். என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான், ஏனென்றால் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் தினமும் பல் துலக்கும்போதே கிருமி உள்ளே போகும். இரண்டு வேளையும் மென்மையான பிரஷ், தவறாத பல் பரிசோதனை. பல் பிடுங்குவது, ஈறுக்கடியில் சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு முன்னால் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம் அமோக்ஸிசிலின் என்ற ஆண்டிபயாட்டிக், 30 முதல் 60 நிமிடம் முன்பாக, ஒரே தடவை. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நான்கையும் சேர்த்து விழுங்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள், வேறு மருந்து உண்டு.

அப்புறம் காய்ச்சல். நம் ஊரில் காய்ச்சல் என்றாலே டெங்கி ஞாபகம்தான் வரும், அந்தச் சோதனையும் வேண்டியதுதான். ஆனால் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், இரவில் வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், எடை குறைந்தால் வால்வு விஷயத்தைக் கிளினிக்கில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாட்டிக்கைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதைப் போட்டபிறகு ரத்தம் எடுத்தால் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கொடுப்பது என்றே தெரியாமல் மருத்துவர்கள் திண்டாடுவார்கள். வால்வில் தொற்று உறுதியானால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டிவரும்.

கடைசியாக, தைப்பூசம். அலகு குத்துவது, பச்சை குத்துவது, புதிதாக மூக்கு, நாக்கு குத்துவது எதுவும் வேண்டாம். வேண்டுதல் இருந்தால் பால்குடமாக மாற்றிக்கொள்ளுங்கள், முருகன் ஏற்றுக்கொள்வான். பத்துமலையின் 272 படியும் வெறுங்காலோடு ஏறி இறங்கினால், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் பாருங்கள். புண் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அன்றே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.