அயனியின் எலெக்ட்ரான் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக்கு இடப்படும் பொட்டாசியம் குளோரைடு உரத்தை அங்குள்ள மாணவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதிலுள்ள பொட்டாசியம் அயனியில் (எலெக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்னூட்டம் கொண்ட அணு அல்லது அணுக்கூட்டமே அயனி) எத்தனை எலெக்ட்ரான்கள் உள்ளன என்று படிவம் நான்கில் கேட்டால், 20 என்ற விடை வந்துவிடுகிறது. பொட்டாசியத்தின் புரோட்டான் எண் 19, அயனியின் தலையில் ஒரு கூட்டல் குறி, ஆகவே ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். எலெக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்மின்னூட்டம் என்பதால், அதை இழந்த அணுவே நேர்மின் அயனி ஆகும். எனவே சரியான விடை 18. உடனிருக்கும் குளோரைடு அயனியோ 17 புரோட்டான்களுடன் ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்று, அதுவும் 18 எலெக்ட்ரான்களைக் கொண்டிருக்கிறது. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே தனிமம் ஆகிவிடுவதில்லை. தனிமத்தைத் தீர்மானிப்பது புரோட்டான் எண்ணிக்கை மட்டுமே.

இதைவிட ஆழமான தவறு, நேர்மின்னூட்டம் புரோட்டானைப் பெற்றதால் வந்தது என்று நினைப்பது. புரோட்டான் அணுக்கருவுக்குள் இருக்கிறது. உரம் நீரில் கரைவதாலோ அமிலம் கலப்பதாலோ அணுக்கரு மாறாது. பொட்டாசியத்தின் அணுக்கருவில் ஒரு புரோட்டான் சேர்ந்தால் அது கால்சியம் ஆகிவிடும். அது அவ்வளவு எளிதாக நடக்குமானால், மண்ணுக்குக் கால்சியம் அடங்கிய சுண்ணாம்பை யாரும் விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்காது.

எல்லா அணுவிலும் நியூட்ரான் (அணுக்கருவிலுள்ள மின்னூட்டமற்ற துகள்) உண்டு என்பதும் தவறு. ரப்பர் பாலை உறையவைக்கும் ஹைட்ரஜனே இதற்குச் சான்று. ரப்பர் பாலில் மிதக்கும் துகள்களின் புரதப் படலம் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால், அவை ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. பார்மிக் அமிலத்தை ஊற்றும்போது அதன் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ய, துகள்கள் மோதி ஒட்டிக்கொண்டு பால் உறைகிறது. சாதாரண ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டானும் ஓர் எலெக்ட்ரானும்தான் உள்ளன. அந்த எலெக்ட்ரானும் போய்விட்டால் எஞ்சுவது வெறும் புரோட்டான். (நீரில் அது தனித்திராமல் நீர் மூலக்கூற்றோடு இணைந்துகொள்கிறது என்பது வேறு செய்தி.)

குளோரினின் நியூட்ரான் எண்ணிக்கையை 18.5 என்று எழுதுவோரும் உண்டு. 35.5 என்பது சார்பணு நிறை, அதாவது நிறை எண் 35, 37 ஆகிய இரு ஐசோடோப்புகளை (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்கள்) அவை இயற்கையில் கிடைக்கும் விகிதப்படி கணக்கிட்ட சராசரி. தனி அணு ஒன்றில் நியூட்ரான்கள் 18 அல்லது 20 இருக்கும். அணு அயனியாக மாறும்போதும் நிறை எண்ணைத் திருத்தக் கூடாது, ஏனெனில் அது புரோட்டான், நியூட்ரான் இவற்றின் கூட்டுத்தொகை. எலெக்ட்ரானுக்கு அதில் இடமில்லை.

பல அணுக்கள் சேர்ந்த அயனியில்தான் நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுகிறார்கள். அம்மோனியம் சல்பேட் உரத்திலுள்ள அம்மோனியம் அயனிக்கு, நைட்ரஜனின் 7 புரோட்டான்களை மட்டும் எண்ணி 6 எலெக்ட்ரான்கள் என்று விடை எழுதிவிடுகிறார்கள். நான்கு ஹைட்ரஜன் அணுக்களையும் சேர்த்தால் புரோட்டான்கள் 11; மின்னூட்டம் கூட்டல் ஒன்று என்பதால் எலெக்ட்ரான்கள் 10. சல்பேட் அயனியில் கந்தகத்தின் 16 புரோட்டான்களோடு நான்கு ஆக்சிஜன் அணுக்களின் 32 சேர்ந்து 48 ஆகின்றன. மின்னூட்டம் கழித்தல் இரண்டு என்பதால் எலெக்ட்ரான்கள் 50.